உடலறிவு: கால் மரத்துப் போவது ஏன்?

மும்பையிலும் புணேயிலும் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர், நெடுநேரம் கீழே உட்கார்ந்து எழுந்ததும், "அம்மா, காலில் எறும்பு வந்துவிட்டது" என்று கூறுவதுண்டு. பதறிப்போய்த் தேடிப் பார்க்கும் தாயார் ஓர் எறும்பையும் காண மாட்டார். பள்ளியில் உடன் பயிலும் மராத்தியப் பிள்ளைகள் 'முங்க்யா ஆல்யா' என்று சொல்வதைக் குழந்தை தமிழாக்கிச் சொல்லியிருக்கும், அவ்வளவே. கல்கத்தா அன்பர்கள் வேறொன்று கேட்டிருப்பர். வங்காளிகளின் காலை 'ஜிஞ்ஜி' பிடித்துக்கொள்கிறது. ஜிஞ்ஜி என்பது இரவெல்லாம் ஓயாது ஒலிக்கும் சிள்வண்டு. இந்தி பேசுவோருக்குக் கால் தூங்கிப் போகிறது. ஆங்கிலேயருக்குக் குண்டூசியும் தையலூசியும் குத்துகின்றன. தெலுங்கர் 'திம்மிரி' என்கின்றனர். நம் 'திமிர்' என்னும் சொல்லும் அதன் உறவே. திமிர் என்றால் செருக்கு என்று மட்டும் எண்ணுவோர், அகராதியைப் புரட்டினால் உடல் மரத்துப்போதலையும் அச்சொல்லின் பொருளாகக் காண்பர். நாமோ பெரும்பாலும் 'மரத்துப் போயிற்று' என்றே சொல்லி, ஒரு நொடியில் காலை மரமாக்கிவிடுகிறோம்.

இச்சொற்களைச் சற்று உற்று நோக்கினால் அவை இரு வகையாகப் பிரிவது புலனாகும். மரமும் தூக்கமும் உணர்ச்சி அடங்கிப்போன நிலையைக் குறிப்பவை. எறும்பும் சிள்வண்டும் ஊசியும் அதற்குப் பின் எழும் ஆரவாரத்தைக் குறிப்பவை. பொதுமக்கள் வழக்கு இவ்விரண்டையும் ஒன்றாகவே வழங்கினாலும், உடலுக்குள் நடப்பவை இருவேறு செயல்கள். முதலாவது, செய்தி நின்றுபோதல். இரண்டாவது, இல்லாத செய்தி வந்துசேர்தல்.

காரணம் கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர், "இரத்த ஓட்டம் நின்றுவிட்டது" என்பர். இஃது அரை உண்மை. சம்மணமிட்டு அமர்ந்து மரத்துப்போன காலின் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது வெதுவெதுப்பாகவே இருக்கும், நிறமும் மாறியிராது. கணுக்காலின் உட்புற எலும்புக்குப் பின்னால் விரல் வைத்தால் நாடி துடிப்பதையும் உணரலாம். பாதத்திற்கு இரத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உணவின்றி வாடுவது பாதமன்று. பாதத்திலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பு. அதுவும் முழுநீளமும் அன்று, அழுந்திய ஓரிடத்தில் மட்டுமே.

இதற்குச் சான்று நம் முழங்கையிலேயே உள்ளது. கதவு நிலையில் முழங்கையின் உட்புற முனை இடித்துக்கொண்டால், சுண்டுவிரல் வரையில் மின்சாரம் பாய்ந்தாற்போல் விர்ரென்று ஏறுகிறது. எலும்பில் இடித்ததாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் இடிபட்டது, எலும்புப் பள்ளம் ஒன்றில் தோலுக்கு மிக அருகே ஓடும் நரம்பு. அந்த ஒரு கணத்தில் இரத்த ஓட்டம் எங்கும் நிற்கவில்லை. ஆயினும் விரலில் ஊசி குத்துகிறது. இது போன்ற மற்றோரிடம் முழங்காலின் வெளிப்பக்கத்தில், சற்றுக் கீழே, விரலுக்குத் தட்டுப்படும் சிறு எலும்பு முண்டின் கழுத்தருகே உள்ளது. பாதத்தை மேல்நோக்கித் தூக்கும் தசைகளுக்கு உரிய நரம்பு அவ்விடத்தில் எலும்பைச் சுற்றிக்கொண்டு செல்கிறது. அதன்மேல் தோலும் சிறிது கொழுப்புமே போர்வை. கால்மேல் கால் போட்டு அமர்வோர் அந்நரம்பைத்தான் மற்றக் காலின் முழங்காலுக்கும் எலும்புக்கும் இடையில் நெருக்குகின்றனர். அவர்களுக்கு முன்காலின் வெளிப்புறமும் புறங்காலும் மரக்கும், உள்ளங்கால் மரக்காது. இரத்தக் குறைவே முழுக் காரணமாயின் உணர்ச்சி இவ்வாறு எல்லை வகுத்துக்கொண்டு மறையுமா?

நரம்பு என்பது ஒற்றை நூலன்று. பல்லாயிரம் இழைகள் சேர்ந்த கயிறு. தொடையின் பின்புறம் ஓடும் பெருநரம்பு சுண்டுவிரலை விடவும் பருமனானது. அதன் இழைகளுள் சில, கீழ் முதுகிலிருந்து கால் பெருவிரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் தொடர்ந்து செல்பவை. இழையின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே உப்புச் சத்துக்களின் அளவில் வேற்றுமை உண்டு. உள்ளே புகும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் நுண்ணிய இறைப்பு வேலை, கிணற்றடி ஏற்றம் போல், இடைவிடாது நடந்துகொண்டிருக்கிறது. அந்த வேற்றுமை இருக்கும் வரையில்தான் இழையில் மின் துடிப்பு ஓட முடியும். இறைப்புக்கு ஆற்றல் வேண்டும்; ஆற்றலுக்குப் பிராணவாயு வேண்டும். அதைக் கொண்டுவருவன நரம்பினுள்ளேயே ஊடுருவி ஓடும் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள். நாம் உட்காரும் பாரம் அக்குழாய்களை நசுக்குகிறது, நரம்பையும் நெரிக்கிறது. இறைப்பு தளர்கிறது, துடிப்பு அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. 'இரத்த ஓட்டம்' என்ற பொதுமக்கள் விடையில் உள்ள அரை உண்மை இதுதான்.

இழைகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்ந்துவிடுவதில்லை. இங்கேதான் பொருள் சுவையுடையதாகிறது. பருத்த இழைகள் நொடிக்கு 50 மீட்டருக்கு மேற்பட்ட விரைவில் செய்தி கொண்டு செல்பவை. தொடுவுணர்ச்சியும், கை கால் எந்நிலையில் இருக்கின்றன என்ற அறிவும் இவற்றின் வழியே செல்கின்றன. மெலிந்த இழைகளோ நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்னும் ஆமை வேகத்தவை. மந்தமான வலியும் சூடும் இவற்றின் பொறுப்பு. அமெரிக்க அறிஞர்களாகிய காஸ்ஸரும் எர்லாங்கரும், நரம்பை அழுத்தினால் பருத்த இழைகளே முதலில் ஓய்கின்றன என்றும், கொக்கெய்ன் மருந்திட்டால் மெலிந்தவை முதலில் ஓய்கின்றன என்றும் 1929-இல் கண்டு வெளியிட்டனர். நரம்பிழைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவ்விருவருக்கும் 1944-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது. பல் பிடுங்கிக்கொண்ட அன்பர்கள் இதன் மறுபாதியை அனுபவித்தே இருப்பர். ஊசி போட்டபின் பல்லை இழுப்பதும் அசைப்பதும் தெரிகின்றன. வலி மட்டும் தெரிவதில்லை. மரத்துப்போன காலில் நிலைமை நேர்மாறானது. மெல்லத் தடவினால் தெரியாது. அழுத்திக் கிள்ளினால் எங்கோ ஆழத்தில் நோகும்.

1931-ஆம் ஆண்டில் இலண்டனில் சர் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவ அறிஞர் இருவரைத் துணைக்கொண்டு இதனைப் படிப்படியாக ஆராய்ந்தார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் போன்றதொன்றை மேற்கையில் கட்டி, இரத்தம் அறவே செல்லாதபடி காற்றடித்து வைத்தார். தொடக்கத்தில் சிறிது குறுகுறுப்புத் தோன்றி அடங்கியது. கால் மணி நேர அளவில் விரல் நுனிகளில் தொடுவுணர்ச்சி மறையத் தொடங்கி, நீர் ஏறுவது போல மேல்நோக்கி ஏறியது. பின்னர்த் தசைகள் செயலிழந்தன. பட்டையை அவிழ்த்ததும் எழுந்தது, நாம் எல்லோரும் அறிந்த ஆரவாரம். (இச்சோதனையை வீட்டில் எவரும் செய்து பார்த்தல் ஆகாது.)

அந்த ஆரவாரத்தின் காரணமும் அறியத்தக்கது. அழுத்தம் நீங்கியதும் இரத்தம் மீண்டும் பாய்கிறது; இறைப்பு வேலை விரைந்து தொடங்குகிறது. ஆனால் இழைகளின் உள்ளும் புறமும் உள்ள சமநிலை உடனே சீராவதில்லை. மின்சாரம் போய் வந்தவுடன் வீட்டு விளக்குகள் மினுக்குவதைப் போல, ஒவ்வோர் இழையும் தூண்டுவார் இன்றித் தானே துடிக்கிறது. ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும், ஒழுங்கின்றித் துடிக்கின்றன. மூளைக்கு இந்தக் குழப்பத்தின் மூலம் தெரியாது. முழங்காலருகே எழுந்த துடிப்பாயினும், அந்த இழை பாதத்திற்கு உரியதாகையால், பாதத்தில் ஏதோ நிகழ்கிறது என்றே அது பொருள் கொள்கிறது. பழகிய எந்த உணர்ச்சியோடும் அச்செய்தி பொருந்தாமையால் எறும்பு என்றும் ஊசி என்றும் ஒப்புமை தேடுகிறோம். மராத்தியரும் வங்காளியரும் நாமும் வெவ்வேறு உவமை சொன்னாலும் நரம்பு ஒரே மொழியில்தான் பேசுகிறது.

எனவே ஊசி குத்துதல் நோயின் வரவன்று, நலம் திரும்புதலே. ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். அதுவரை காலை நீட்டி, மெல்ல அசைத்துக் கொண்டிருந்தால் போதும். செய்யலாகாதது ஒன்று உண்டு: உடனே எழுந்து நடத்தல். தொடுவுணர்ச்சியோடு கால் இருக்கும் நிலையை உணரும் அறிவும் மறைந்திருப்பதால், பாதம் எப்படி ஊன்றுகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. கணுக்கால் மடங்கி விழுவது எளிது. இளைஞர்க்கு அது சிரிப்போடு போகும். அறுபது கடந்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். கச்சேரி முடிந்ததும் ஜமக்காளத்திலிருந்து எழும் மாமாவுக்குக் கை கொடுக்க நினைப்பவர்கள், அவர் இரண்டு நிமிடம் காலை நீட்டி அமர்ந்திருக்க இடம் விட்டாலே பெரிய உதவி. தில்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாள் இரயிலில் செல்வோரும் மணிக்கொரு முறை எழுந்து நடப்பது நல்லது. கழிவறையின் உயர்பீடத்தில் செய்தித்தாளோடும் கைப்பேசியோடும் அரை மணி நேரம் குடியிருப்போருக்குத் தொடையின் பின்புறம் ஏன் மரக்கிறது என்பதை நாம் தனியே விளக்க வேண்டுவதில்லை.

சாதாரணமாக இது எல்லை மீறுவதில்லை. ஏனெனில் நரம்பு முன்னதாகவே முறையிடுகிறது. நாமும் அறியாமலே இடம் மாறி அமர்கிறோம். தூக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். அம்முறையீட்டை அடக்கினால்தான் கேடு. மது மயக்கத்திலோ தூக்க மாத்திரையின் மிகுதியிலோ நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டு உறங்கியவர், காலையில் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் எழுவதுண்டு. மேற்கை எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பு இரவெல்லாம் நசுங்கியதன் பயன் அது. யோகப் பயிற்சியும் இதற்கு விலக்கன்று. நாள்தோறும் பல மணி நேரம் வஜ்ராசனத்தில் அமர்ந்த ஒருவருக்குப் பாதம் தொங்கிப்போனதை அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று 1971-இல் வெளியிட்டது. ஆசனத்தை நாம் குறை கூறவில்லை. கால் முறையிட்ட பின்னும் அமர்ந்திருப்பதையே குறை கூறுகிறோம்.

இத்தகைய கேடுகளின் தரத்தை 1943-இல் ஹெர்பர்ட் செட்டன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் மூன்றாக வகுத்தார். இழை அறாமல் செய்தி மட்டும் தடைப்படுவது முதல் தரம். போர்வை கிழியாமல் உள்ளிழை அறுவது அடுத்தது. நரம்பே துண்டாவது கடைசி. நசுங்கி மரத்தவை பெரும்பாலும் முதல் தரத்தைச் சேர்ந்தவை. இழையைச் சுற்றியுள்ள கொழுப்புறை அழுத்தத்தால் இடம் பிசகிச் சிதைகிறது என்பதை 1972-இல் நுண்பெருக்கி வழியே கண்டனர். அவ்வுறை மீண்டும் வளரச் சில வாரங்கள் பிடிக்கும். பின் கை தானே எழும். உள்ளிழை அறுந்திருப்பின் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வளரும். முழங்காலிலிருந்து கால்விரல் வரை அது சென்று சேர ஓராண்டுக்கு மேலாகலாம்.

இனி, இத்திங்கள் இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குரிய காரணத்திற்கு வருவோம். நம் வீடுகளில் ஊரிலிருந்து வந்து தங்கும் பெற்றோர் பலர். "கால் மரமரவென்று இருக்கிறது" என்று அவர்கள் சொன்னால், "ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் அல்லவா, நடந்தால் சரியாகும்" என்று விடை கூறி அலுவலகத்திற்குப் புறப்பட்டுவிடுகிறோம். அவர்களும் புது ஊரில் பிள்ளைக்குச் செலவு வைக்க மனமின்றி அடங்கிவிடுகின்றனர். உட்கார்ந்ததால் வந்த மரப்பு, எழுந்த சில நிமிடங்களில் போய்விட வேண்டும். போகாதது வேறு பொருள்.

நீரிழிவு நெடுநாள் கட்டுக்கடங்காமல் இருந்தால் மிக நீண்ட நரம்பிழைகளே முதலில் பழுதுறும். ஆகையால் இரண்டு கால்களிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிவது போல் மேலே ஏறும். இரவில் எரிச்சல் மிகும். செருப்பு கழன்று பின்னால் கிடப்பதை அறியாமல் நடந்து செல்லும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அது மறதியன்று என்று கொள்க. உள்ளங்காலில் தைத்த முள்ளும் செருப்புக் கடியும் தெரியாமையால் புண் ஆறாமல் வளர்ந்து, காலையே இழக்க நேரிடுகிறது. வட நாட்டுக் குளிரில் மற்றோர் ஆபத்தும் உண்டு. மரத்த காலுக்கு இதமாக வெந்நீர்ப் பையும் மின் கணப்பும் வைத்துக்கொள்கின்றனர். சூடு தெரியாத காலில் தோல் வெந்த பின்னரே பிறர் கண்டு சொல்வர். நீரின் சூட்டை முழங்கையாலோ வீட்டிலுள்ள மற்றொருவர் கையாலோ பார்த்த பின்பே காலை வைக்க வேண்டும். நாள்தோறும் படுக்குமுன் உள்ளங்காலைப் பார்ப்பதும், குனிய முடியாதவர்க்குப் பேரப் பிள்ளைகள் பார்த்துச் சொல்வதும் மருந்துக்கு இணையானவை.

மரக்கறி உணவினர் பலரிடம் பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவு காணப்படுகிறது. பாலும் தயிரும் ஓரளவு அதைத் தருவன. காய்கனிகளில் அது இல்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்போர்க்கும் அது குறையக்கூடும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரியும். காலத்தே கண்டால் ஊசியாலோ மாத்திரையாலோ சரிப்படுத்தலாம். கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் இரவில் மரத்து, உதறினால் தெளிவது மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்பதன் அறிகுறி. கருவுற்ற பெண்களுக்கு இது மிகுதி. பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் நீங்கும். ஆனால் முகத்திலும் கை காலிலும் ஒரு பக்கம் மட்டும் திடீரென மரத்து, பேச்சுக் குழறினால் அது மூளையைச் சார்ந்தது. மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நாலரை மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் பயன்படும். முதுகு வலியோடு, அமருமிடம் மரத்துச் சிறுநீரும் தடைப்பட்டால், அதுவும் அன்றே பார்க்க வேண்டியதாம்.

கடைசியாக ஒன்று, இதை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தோலில் வெளிறிய அல்லது சிவந்த திட்டு ஒன்று தோன்றி, அவ்விடத்தில் தொட்டால் தெரியாமல் இருந்தால் தொழுநோயா என்று பார்த்துவிட வேண்டும். 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்ட அந்தக் கிருமி, உடலில் குளிர்ச்சியான இடங்களை, அதாவது தோலையும் தோலருகே ஓடும் நரம்புகளையும் நாடுவது. முழங்கையின் உட்புறமும் முழங்காலின் வெளிப்புறமும், நாம் மேலே கூறிய அதே இரண்டு இடங்களில், நரம்பு கயிறு போல் தடித்துக் கைக்குத் தென்படும். விரல்கள் தேய்வது நோய் சதையைத் தின்பதால் என்றே உலகம் நெடுங்காலம் நம்பிற்று. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நோயாளிகள் அன்றாடம் செய்யும் வேலைகளைக் கூர்ந்து நோக்கி, வலி தெரியாத கையால் சூடான பாத்திரத்தைத் தூக்கியும் காயத்தோடு உழைத்துமே விரல்களை இழக்கிறார்கள் என்று நிறுவினார். செயலிழந்த கைகளுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மீண்டும் மடக்கி நீட்டச் செய்தார். 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து, நோயின் அளவுக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் கிருமியை ஒழிக்கிறது. நம் நாட்டு அரசு சுகாதார நிலையங்களில் அது இலவசமாகக் கிடைக்கிறது. தில்லியிலோ மும்பையிலோ மருத்துவரிடம் மொழி தெரியாமல் தயங்கும் பெரியோர்க்கு, 'ஸுன்ன' என்ற ஓர் இந்திச் சொல்லே மரத்துப்போனதைச் சொல்லப் போதும். திட்டைக் காட்டி அச்சொல்லைச் சொன்னால் மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.